விளக்கு வைத்ததும் ஏறும் வீணை

அந்த வீணை இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்த அன்று நான் யாரோடும் பேசவில்லை. சொன்னால் எங்கள் ஊரில் நம்ப மாட்டார்கள். மருதாத்தாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்றால் காய்ச்சல் என்று நினைத்து மிளகுக் கசாயம் வைப்பார்கள். அன்றைக்கும் வைத்தார்கள். அதையும் பேசாமல் குடித்தேன்.

வீணை லாரியில் வந்தது, போர்வை சுற்றி, வைக்கோல் அணைத்து. கூடவே ஒரு கடிதம். என் வீட்டுக்காரர் கந்தப்பன் அதை வாசித்தார். 'காலையில் சரியாக இருக்கிறது. விளக்கு வைத்ததும் வீணையின் சுருதி ஏறிக்கொள்கிறது. எந்த மெட்டைத் தொட்டாலும் பிசகுகிறது. மெட்டுகள் நகர்கின்றன என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. கோபிக்க வேண்டாம். இப்படிக்கு, சுருளியம்மாள், பள்ளிவாசல் எஸ்டேட், மூணாறு.'

கோபிக்க வேண்டாமாம்! வேறு என்ன செய்வார்கள்?

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். நிலக்கடலை, கரும்பு, வரப்பு ஓரமெல்லாம் பலா. அந்தப் பலாவை வெட்டி வாங்க வந்த வீணை ஆசாரி ஒருவர் தோட்டத்திலேயே இரண்டு வருடம் தங்கிவிட்டாராம். என் மாமனார் அவரிடம் வேலையைக் கற்றுக்கொண்டார். விவசாயம் பண்ணுகிற வீட்டில் வீணை எதற்கு என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள், நாங்கள் இன்னும் வீணை செய்துகொண்டிருக்கிறோம். குடம் குடைவதும் தண்டி இழைப்பதும் கந்தப்பன். வெளியே போய்ப் பேசுவது, விற்பது, அதட்டுவது எல்லாம் அவருடைய அண்ணன் குப்பண்ணன். மெட்டு வைப்பது நான்.

மெட்டு வைப்பது என்றால் தண்டியின் மேல் கறுப்பு மெழுகால் இரண்டு வரப்புக் கட்டி, அதன் மேல் இருபத்துநாலு வெண்கலக் கம்பிகளைக் குறுக்கே பதிப்பது. தேன்மெழுகு, குங்கிலியம், கரி மூன்றையும் காய்ச்சி எடுத்தால் அந்த மெழுகு வரும். சூடாக இருக்கும்போது மெட்டு வழுக்கும். ஒரு கையால் தந்தியை மீட்டிக்கொண்டே மறு கையால் மெட்டை நகர்த்தி, ஸ்வரம் வந்து உட்காருகிற இடத்தில் விட்டுவிட வேண்டும். ஒரு நெல் அகலம் தள்ளினால் போயிற்று. இதற்குக் கண் உதவாது, காதுதான் வேண்டும். என் காதைப் பார்த்துத்தான் மாமனார் என்னை மெட்டு வைக்கிற மணையில் உட்கார வைத்தார். பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டதில்லை. வருகிறவர்கள் கேட்டால், "என்ற காதே பொட்டிதானுங்க" என்று சொல்வேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

ஆனால் போன மார்கழியில் எனக்கு டைபாய்டு வந்து இருபத்தோரு நாள் கிடந்தேன். எழுந்தபோது இடது காதுக்குள் ஒரு சத்தம் இருந்தது. மெல்லிசான, ஒரே நீட்டு ரீங்காரம். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. யாரிடமும் சொல்லவில்லை. கந்தப்பனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மணை போய்விடும் என்று பயம். பயம் என்றால் சாதாரண பயம் இல்லை, ராத்திரி சோறு இறங்காத பயம்.

பள்ளிவாசல் வீணை அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நான் மெட்டு வைத்த முதல் வீணை.

முதல் தடவை திரும்பி வந்தபோது, வழியில் வெயில் பட்டு மெழுகு இளகியிருக்கும் என்று குங்கிலியத்தைக் கூட்டிப் புதிதாக மெட்டு வைத்து அனுப்பினேன். இரண்டாவது தடவை, மலைக் குளிரில் மெழுகு இறுகி வெடித்திருக்கும் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் ஒரு வெடிப்பு இல்லை. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீணைக்கும் ஒரு பனையோலை நறுக்கு வெட்டி, மெட்டு நிற்கும் இடத்தையெல்லாம் அதில் கீறி, ஆணியில் மாட்டி வைப்போம். அந்த ஓலையை எடுத்துத் தண்டியில் வைத்தேன். இருபத்துநாலும் கீறல் மேலேயே நின்றன. தந்தியை மீட்டினேன். காலையில் மீட்டினேன், மத்தியானம் மீட்டினேன், விளக்கு வைத்து மீட்டினேன். எல்லாம் சரியாகத்தான் பேசியது. பிறகு எதற்கு அந்தப் பெண் எழுதுகிறாள்? அவளுக்குப் பைத்தியமா, எனக்கா?

குப்பண்ணன் மாமா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மருதா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. கோயமுத்தூர்ல ஆறுமுகசாமின்னு ஒருத்தர் இருக்காரு. மெட்டு வெக்கறதுல நல்ல கையி. ஆவணியில வரச் சொல்லியிருக்கறேன். இந்த வீணை இன்னொருக்கா திரும்புச்சுன்னா, அவரு மணையில உக்காரட்டும். நீ ஊட்டு வேலையப் பாரு."

"என்ற காதுல என்னங்க மாமா கொறை?"

"கொறைன்னு நான் சொல்லுலயே. ரெண்டு வாட்டி வந்துருச்சில்ல."

கந்தப்பன் பாட்டுக்கு உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் வந்த கோபத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"நானே மலைக்குப் போறனுங்க. எனக்கு முன்னால அது ஏறட்டும், பாத்துக்கறேன்" என்றேன்.

மாமா யோசித்தார். சாந்தன்பாறையில் அவருக்கு ஏலக்காய் சிநேகிதர் ஒருவர் உண்டு. "செரி, நானும் வாறேன். உன்னை அங்க உட்டுட்டு நான் சாந்தன்பாறை போயிட்டு ஞாயித்துக்கெழமை திரும்பி வாறேன். அதுக்குள்ள என்னன்னு கண்டுபுடி" என்றார்.

புறப்படும்போது பையிலிருந்து ஒரு புதுச் சுருதிப்பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். கோயமுத்தூரில் வாங்கியதாம். ஆறுமுகசாமி பெட்டி இல்லாமல் மெட்டு வைக்க மாட்டாராம்.

"இது எனக்கு எதுக்குங்க?"

"சும்மா வெச்சுக்க. சந்தேகம் வந்தாத் தொறந்து பாரு."

சந்தேகமாவது! துணி மூட்டைக்கு அடியில் தள்ளினேன்.

பொள்ளாச்சி போய், உடுமலை போய், அங்கிருந்து மூணாறு பஸ். மாமா முன்னால், நான் பெண்கள் சீட்டில் வீணையைக் குறுக்கே படுக்கவைத்துக்கொண்டு. மறையூர் தாண்டியதும் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. கண்டக்டர் டிக்கெட் கேட்டது வாய் அசைவில்தான் தெரிந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. இருந்த காதும் போயிற்று என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவள் எச்சில் விழுங்கச் சொல்லி ஜாடை காட்டினாள். விழுங்கி விழுங்கி வயிறு நிறைந்ததுதான் மிச்சம். மூணாறு வந்து இறங்கியும் காது முழுசாகத் திறக்கவில்லை.

சுருளியம்மாளின் வீடு ஒரு தேயிலை பாக்டரியின் பின்சுவரை ஒட்டி இருந்தது. மூணாறிலிருந்து ஜீப் பிடித்து நாங்கள் போய்ச் சேரும்போது சாயங்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது. அவளுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லி, சிரித்த முகம். நான் நாலு நாளாக மனசுக்குள் திட்டித் தீர்த்த பெண் இவள்தானா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரத்தில் பத்து வருடம் வீணை படித்தவள். புருஷன் சங்கையா அந்த பாக்டரியில் பிட்டர். இந்த வருடம்தான் இந்த வீட்டைக் கொடுத்தார்களாம். எஸ்டேட் பெண் பிள்ளைகள் ஏழு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

"யக்கா, நீங்களே வருவீகன்னு நினைக்கல. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டமேன்னு எனக்கு ஒறக்கமே இல்லக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா ஒரு டீ குடித்துவிட்டு அதே ஜீப்பில் போய்விட்டார்.

அவர் போன பிறகு அடுப்போரம் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். காது இரண்டும் பட்டென்று திறந்தன. அப்பாடா என்று இருந்தது ஒரு நொடிதான். உடனே அந்தச் சத்தம் கேட்டது. ஆனால் ஊரில் கேட்ட மெல்லிசான சத்தம் இல்லை. தடிமனாக, அடியிலிருந்து, தலை முழுக்க நிறைந்து நின்றது. காதைப் பொத்தினேன், குறையவில்லை. தரையில் கை வைத்தால் கையிலும் இருப்பது போலத் தோன்றியது. சரி, வியாதி முற்றிவிட்டது, மலை ஏறியதில் எல்லாம் கெட்டுவிட்டது என்று முடிவு பண்ணினேன்.

இருந்தாலும் ஒரு ஆசையில் கேட்டேன். "சுருளி, ஏதோ சத்தம் கேக்குதில்ல?"

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "எந்தச் சத்தமக்கா? மழையா?"

"மழை இல்ல."

"ஒண்ணும் கேக்கலியே."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

விளக்கு போட்டதும் அவள் வீணையை எடுத்தாள். பஸ்ஸில் குலுங்கி வந்தது என்று சொல்லி, தந்தி முறுக்குகிற பிருடைகளைத் திருகிச் சேர்த்து வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால், "எறங்கிப் போச்சுக்கா" என்று தந்திகளை முறுக்கி ஏற்றினாள். மத்தியானம் வரைக்கும் ஒரு குறை இல்லை. ஊரில் எப்படிப் பேசியதோ அப்படியே பேசியது. எனக்கு நம்பிக்கை வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கும்போதே இருட்டியது, விளக்கு எரிந்தது.

"இப்பக் கேளுங்கக்கா" என்று சுருளி ஸா மீட்டினாள்.

ஏறியிருந்தது. சாமி சத்தியமாக ஏறியிருந்தது! என் காதிலேயே கேட்டேன். யாரும் பிருடையைத் தொடவில்லை. ஸா, அது இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. எந்த மெட்டைத் தொட்டாலும் ஒட்டவில்லை, உரசியது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஓலை நறுக்கை எடுத்துத் தண்டியில் வைத்தேன். இருபத்துநாலு மெட்டும் கீறல் மேலேயே இருந்தன. ஒன்றும் நகரவில்லை. கண் சரி என்கிறது, காது தப்பு என்கிறது. எதை நம்புவது? ஸாவையும் பஞ்சமத்தையும் சேர்த்து மீட்டினேன். அவை இரண்டும் தங்களுக்குள் ஒற்றுமையாகத்தான் இருந்தன. அப்படியானால் எதோடு ஒட்டவில்லை? எதற்கு மேலே ஏறியது?

"பாத்தீகளா, ஏறிட்டு. நான் பொய் சொல்லலல்லாக்கா?"

"பொய் சொல்லுலீங்கம்மிணி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் தந்திகளை இறக்கிச் சேர்த்தாள். சரியாகிவிட்டது. காலையில் மறுபடி இறங்கிக் கிடந்தது. ஏற்றினாள். ஏற்றுவதும் இறக்குவதுமாகப் போனால் தந்தி அறுந்துவிடும், அது போகட்டும், பிள்ளைகளுக்கு என்ன நிலைக்கும்? அதில் சின்னவள் ஒருத்தி, "டீச்சர், காலையில ஸா வேற, சாயங்காலம் ஸா வேறயா?" என்று கேட்டே விட்டாள். நல்ல கேள்வி.

சனிக்கிழமை முழுக்க நான் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். தந்திகளைத் தாங்கும் குதிரையைக் கழற்றிப் பார்த்தேன். குடத்தில் ஈரம் ஏறுகிறதா என்று முகர்ந்து பார்த்தேன். வீணையை அடுப்போரம் வைத்தேன், அப்புறம் ஜன்னலோரம் வைத்தேன். விளக்கு வெளிச்சம் மெழுகைச் சுடுகிறதோ என்று பல்புக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பாக்டரியில் மத்தியானம் உருளை இயந்திரங்கள் கடகடவென்று ஓடின, நின்றன. அது பாக்டரிச் சத்தம், எனக்குத் தெரியும். அது நின்ற பிறகும் என் தலைக்குள் இருந்த தடித்த சத்தம் நிற்கவில்லை.

"யக்கா, உங்க மூட்டையில சுருதிப்பெட்டி இருக்குல்லா? நேத்துத் துணி எடுக்கையில பாத்தேன். அதத் தொறந்து பாப்பமா?" என்றாள் சுருளி.

"வேண்டாம்."

"ஏங்கக்கா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

கத்திவிட்டேன். பாவம், அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் எப்படிச் சொல்வேன்? பெட்டியைத் திறந்து, பெட்டி ஒன்று சொல்லி, என் காது வேறொன்று சொன்னால், எல்லாம் அன்றைக்கே முடிந்தது. திறக்காத வரைக்கும் நான் இன்னும் மெட்டு வைக்கிறவள். பதினாறு வருடம் அந்த மெழுகு வாசனையில் உட்கார்ந்தவள், இனி அடுப்படியில் புளிக் கரைசல் வாசனையில் உட்கார வேண்டும். ஆறுமுகசாமி என் மணையில், மெழுகு இளக்குகிற என் இரும்புக்கோலைக் காய்ச்சிக்கொண்டு! சுருளியிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. சாப்பிடும்போது அவள் தட்டில் ஒரு கருவாட்டுத் துண்டு அதிகம் வைத்தேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பத்து மணிக்கு மேல் மாமா வந்துவிடுவார். சங்கையா கம்பளியைப் போட்டுக்கொண்டு, ஸ்பானரும் மண்வெட்டியுமாகப் புறப்பட்டார்.

"லீவுலயுமா வேலைங்க?" என்றேன்.

"வாய்க்கால்ல சருகு அடைச்சிக்கிட்டுக்கா. தூரு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கப் பள்ளத்தில் இறங்கிப் போனார். அங்கே லாண்டனாப் புதருக்குள் ஓடை இருந்தது, தண்ணீர்ச் சத்தம் கேட்கும். வேறு என்ன இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

சுருளி காலைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தந்திகளை ஏற்றிச் சேர்த்து, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாள். நான் மூலையில் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று அந்தத் தடித்த சத்தம் இறங்கியது. சரசரவென்று கீழே கீழே போய், நின்றுவிட்டது.

தலைக்குள் இருந்ததெல்லாம் வழிந்து வெளியே போனது போல ஒரு வெறுமை. அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. எங்கேயோ ஒரு பெண் மாட்டை அதட்டுவது கேட்டது. செத்துத்தான் போய்விட்டேனோ என்று கையைக் கிள்ளிப் பார்த்தேன்.

அப்போதுதான் சுருளியைப் பார்த்தேன். வாசித்துக்கொண்டிருந்தவள் விரலைத் தந்தியில் வைத்தபடி விழித்தாள். மீட்டினாள், நிறுத்தினாள். மறுபடி மீட்டினாள். பிருடையை முன்னும் பின்னும் திருகினாள்.

"யக்கா, என்னமோ ஆகிட்டு. ஸா எங்க இருக்குன்னே தெரியலக்கா. வீணை செத்துப்போச்சு!"

பத்து வருடம் படித்தவள், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி அந்த ஸாவைத் தேடினாள். எங்கே நிறுத்துவது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

நான் எழுந்து பின்வாசலுக்கு ஓடினேன். "சங்கையாத் தம்பீ! என்னத்தை நிறுத்துனீங்க?"

பள்ளத்திலிருந்து அவர் தலை தெரிந்தது. "டர்பைன்க்கா! கரண்டு மெஷினு! தூரு எடுக்குத வரைக்கும் நிறுத்தணும்லா!"

"அது எப்பவும் ஓடுமுங்களா?"

"ராப்பகலா ஓடும். பாக்டரிக்கும் பங்களாவுக்கும் இந்த லயத்து வீடுகளுக்கும் அதுதான கரண்டு."

"சாயங்காலம் அதோட சத்தம் எறங்குமா?"

அவர் மேலே ஏறி வந்தார், கை முழுக்கச் சேறு. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எறங்கும்க்கா. பொழுது சாய்ஞ்சா எலை வாட்டுத பேன் எல்லாத்தையும் போடுவோம். ஊரு முழுக்க லைட்டு. பாரம் கூடிட்டுன்னா மெஷினு கொஞ்சம் தம் கட்டும். காலையில லைட்ட அணைச்சா மறுபடி தூக்கும். ஏங்க்கா, சத்தம் தொந்தரவா இருந்துச்சா?"

நான் அந்தச் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அடப்பாவிகளா, மூன்று நாள்! மூன்று நாளாக நான் என் காதுக்குப் பாடை கட்டிக்கொண்டிருக்கிறேன், இவர்கள் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு இயந்திரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு எந்தச் சத்தம் என்று கேட்கிறார்கள்!

சுருளி பொய் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ராப்பகலாக அதற்குள்ளேயே இருந்ததால் அவளுக்கு அது கேட்கவே இல்லை. ஆனால் கை கேட்டிருக்கிறது. காலையில் டர்பைன் சத்தம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே ஸாவை வைத்தாள். சாயங்காலம் அந்தச் சத்தம் இறங்கியது, வீணை ஏறியது போலத் தெரிந்தது. நானும் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதானே கேட்டேன், எனக்கும் அப்படியே தெரிந்தது. மெட்டுகள் ஒரு பாவமும் அறியாமல் வைத்த இடத்தில் நின்றிருக்கின்றன.

நான் விளக்கிச் சொன்னதும் சுருளி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பிள்ளைகளுக்கு நான் பாக்டரியவா சொல்லிக்குடுத்தேன்?" என்றாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நீங்க சேத்துக் குடுங்கக்கா" என்று வீணையை என் பக்கம் நகர்த்தினாள்.

நான் உட்கார்ந்து, பட்டறையில் எப்போதும் செய்கிற மாதிரி, எதையும் கேட்காமல் தந்தியை முறுக்கினேன். ஸா தானாக வந்து நின்றது. எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. மெட்டு மெட்டாக மேலே போனேன். இருபத்துநாலும் சுத்தம். என் காதும் சரி, கையும் சரி. எழுந்து ஆடலாம் போல இருந்தது.

அந்த நேரத்தில் மாமா வந்தார், ஏலக்காய் மணக்க. நடந்ததைச் சொன்னேன். அவர் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. "பொட்டியத் தொறந்தியா?" என்றார்.

இப்போது எனக்கு என்ன பயம்? மூட்டையிலிருந்து எடுத்துத் திறந்து, துருத்தியை அழுத்தினேன். பெட்டி ஸா என்றது. நான் வீணையை மீட்டினேன். பெட்டிக்கு மயிரிழை மேலே நின்றது என் ஸா. சின்ன வித்தியாசம்தான். பெட்டிக்குத் தக்க பிருடையைத் தணித்துவிட்டு வாசித்தேன். மெட்டுகள் எல்லாம் பெட்டியோடு பாலும் தண்ணீருமாகக் கலந்தன. மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முப்பது வருடம் வீணை விற்றவர், அவருக்கும் காது உண்டு.

"மெட்டுல ஒரு குத்தமும் இல்லை. ஆறுமுகசாமிக்கு நாளைக்கே காயிதம் போட்டர்றேன், வர வேண்டாம்னு. மணை உன்றதுதான், போ" என்றார். பிறகு சுருளியிடம், "இந்தா அம்மிணி, இனி எங்கயாச்சும் ஒரு பொட்டி வாங்கி வெச்சுக்க" என்று உபதேசம் பண்ணினார்.

ஜெயித்துவிட்டேன். துருத்தியை விட்டேன். பெட்டி அடங்கியது. டர்பைன் இன்னும் ஓடவில்லை. சுற்றிலும் பழைய அமைதி.

அந்த அமைதிக்குள் அது கேட்டது. மெல்லிசாக, இடது காதில், ஒரே நீட்டு.

இது டர்பைன் இல்லை. ஊரில் கேட்டது, மார்கழியில் வந்தது, என்னோடு பஸ் ஏறி வந்தது.

"சுருளி, இப்ப ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்றேன், சன்னமாக.

அவள் உற்றுக் கேட்டாள். இந்தத் தடவை மனசு வைத்துக் கேட்டாள். "இல்லக்கா. எந்தச் சத்தம்?"

என் கை தானாகப் பிருடைக்குப் போனது. பெட்டிக்காகத் தணித்த தந்தியைப் பழையபடி மயிரிழை ஏற்றினேன், நான் தேடாமல் கண்டுபிடித்த இடத்துக்கு. மீட்டினேன். தந்தியும் காதுச் சத்தமும் ஒன்றாகிவிட்டன. எது வீணை, எது நான் என்று பிரிக்க முடியவில்லை. எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை என்று குதித்தேனே, எப்படித் தேட வேண்டியிருக்கும்? சுருளிக்குப் பள்ளத்தில் இருந்தது எனக்குக் காதுக்குள் இருக்கிறது. காய்ச்சலுக்கு முன்னால் என் ஸா எங்கே இருந்தது? எனக்கு ஞாபகம் இல்லை. யாரிடம் கேட்பது?

மாமா சுருதிப்பெட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். "இதக் கடையில திருப்பிக் குடுத்தர்லாம். உனக்குத்தான் வேண்டாமே."

பேசாமல் இருந்திருக்கலாம். மணை என் கையில் இருந்தது, காகிதம் போடுவதாகச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்தச் சின்னப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், காலை ஸா வேறா சாயங்கால ஸா வேறா என்று கேட்டவள்.

"திருப்ப வேண்டாமுங்க மாமா. அது என்ற மணைக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்."

"ஏனம்மிணி? செயிச்சது நீதானே?"

"என்ற காதுக்குள்ளயும் ஒரு மெஷினு ஓடுதுங்க மாமா. மார்கழியிலிருந்து. யாருகிட்டயும் சொல்லுல."

அவர் சுற்றுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், வீணையைப் பார்த்தார். சொல்லித் தொலைத்தோமே என்று இருந்தது.

"அப்ப இத்தனை மெட்டும் எப்புடிச் செரியா வெச்சே?"

"தெரியலீங்க."

கீழே பள்ளத்தில் சங்கையா மதகைத் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் பாயும் சத்தம் வந்தது. தடித்த சத்தம் அடியிலிருந்து மெதுவாக ஏறி வந்து வீட்டை நிறைத்தது. என் காதில் இருந்தது அதற்குள் காணாமல் போயிற்று.

மாமா பெட்டியைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டியை என் மடியில் வைத்தார்.

"தெரியாமயே இருவத்துநாலையும் செரியா வெச்சுட்டே. இனிப் பொட்டியப் பாத்து வெய்யி" என்றார். பிறகு சுருளியிடம் உடுமலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.